ராமேஸ்வரம்: புயல் சீசன்ல வயசானவங்கள கூட்டிட்டு மூணு நாலு நாள் போலாமா?

நொய்யல்_கரை

எல்லாருக்கும் வணக்கங்க. நவம்பர் கடைசில அப்பா அம்மாவ ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறதா ரொம்ப முன்னாடியே முடிவு பண்ணி டிரெயின் டிக்கெட், ரூம் எல்லாம் போட்டாச்சு. அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, அம்மாவுக்கு முட்டி வலி. தாத்தாவுக்குத் திதி குடுக்கணும், 22 தீர்த்தமும் ஆடணும், முடிஞ்சா தனுஷ்கோடி பாக்கணும், இதுதான் பிளான்.

இப்ப பாத்தா வங்கக்கடல்ல காத்தழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகுது, ராமநாதபுரத்துக்குக் கனமழைன்னு நியூஸ்ல ஓடிட்டே இருக்குது. தங்கச்சி கேன்சல் பண்ணுங்கறா, அப்பா மழைக்குப் பயந்தா காரியம் நடக்குமாங்கறாரு, லாட்ஜ்ல கேட்டா பணமும் திரும்ப வராது தேதியும் மாத்த முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பக்கத்துக்காரங்க, மழை நேரத்துல போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க, போலாமா வேண்டாமா?

சைக்கிள்_செல்வம்

யோசிக்காம கேன்சல் பண்ணிருங்க. தைல போங்க, வெயில் அடிச்சு கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

தங்கச்சிமடத்தான்

அண்ணே, நான் தீவுக்காரன், சொல்றத கேளுங்க. எங்க ஊருக்கு மழையே இந்த ரெண்டு மூணு மாசந்தான், ஐப்பசி கார்த்திகைல மழை பெய்யலைன்னாதான் நாங்க கவலைப்படுவோம். அதனால மழைன்னு கேட்டதும் கேன்சல் பண்ண வேண்டியதில்ல. நீங்க பாக்க வேண்டியது காத்து. வாடைக்காத்து சாதாரணமாவே இந்த நேரத்துல வடக்குப் பக்கக் கடல ஆட்டி வைக்கும், பாக் ஜலசந்திப் பக்கம் நாங்க பெண்கடல்னு சொல்றது மத்த நாள்ல அமைதியா கிடக்கும், வாடை புடிச்சுருச்சுன்னா அதுதான் கொந்தளிக்கும், தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல், அது இப்ப கொஞ்சம் அடங்கி இருக்கும். ஆனில ஆடில வந்தீங்கன்னா அப்படியே தலைகீழ்.

இப்ப முக்கியமான விசயம். இது தீவு. உள்ள வரவும் வெளிய போகவும் பாம்பன்ல ரெண்டே பாலம், ஒண்ணு ரயிலுக்கு ஒண்ணு ரோட்டுக்கு. காத்து ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா ரயில நிறுத்திருவாங்க, இன்னும் ஏறினா ரோட்லயும் வண்டிய விட மாட்டாங்க. அப்ப ஊருக்குள்ள நீங்க பத்திரமா இருப்பீங்க, ஆனா திரும்பிப் போற டிக்கெட் வீணாப் போகும். அதனால திரும்புற நாளுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் கையில வச்சுக்கங்க, திரும்புன அன்னைக்கே ஆபீஸ், கல்யாணம், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்னு எதையும் வச்சுக்காதீங்க. இந்த அவகாசம் இருந்தா வாங்க, இல்லைன்னா வராதீங்க. என்னோட பதில் அவ்வளவுதான்.

வந்துட்டீங்கன்னா இன்னொண்ணு. டிவிய விட எங்க மீன்பிடி ஜெட்டிய பாருங்க. மீன்வளத்துறை விசைப்படகுக்கு டோக்கன், அதாவது கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு, குடுக்கறத நிறுத்திட்டாங்கன்னா, நாட்டுப்படகு வல்லத்தையெல்லாம் மேல இழுத்துப் போட்டுட்டாங்கன்னா, அன்னைக்கு தனுஷ்கோடி பிளான விட்ருங்க. கோயிலுக்கு மட்டும் போங்க.

மேகம்_பாப்பவன்

தங்கச்சிமடத்தான் அண்ணன் சொன்னதுதான் சரி, நான் வானிலை ஆர்வலன்ங்கறதால நம்பர் மட்டும் சேத்து வைக்கிறேன், ஏன்னா நியூஸ்ல எல்லாத்தையும் புயல்னு போட்டு பயமுறுத்திடறாங்க. காத்து மணிக்கு 31லேர்ந்து 49 கிமீ வரைக்கும் இருந்தா அது காத்தழுத்தத் தாழ்வு மண்டலம், 50-61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டாத்தான் புயல்னு பேர் வைப்பாங்க. தாழ்வுப் பகுதின்னு சொன்னா அது இதுக்கெல்லாம் முன்னாடி கட்டம், நிறைய தாழ்வுப் பகுதி எதுவுமே ஆகாம கலைஞ்சு போயிரும்.

மஞ்சள் ஆரஞ்சு சிவப்புன்னு வர்றது மழைக்கு. சுமாரா 6.5 செமீ தாண்டினா கனமழை, 11.5 தாண்டினா மிக கனமழை, 20.4க்கு மேல அதிகனமழை, அதாவது ரெட் அலர்ட் அளவு.

ஆனா புயல் இல்லைன்னா சேஃப்னு நினைக்கக் கூடாது. 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கா, அன்னைக்கு எந்தப் புயலும் கிடையாது, கடல்ல இருந்து மேகம் வந்து தீவு மேல உக்காந்து பொழிஞ்சதுல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செமீக்கு மேல பதிவாச்சு, பாம்பன் தங்கச்சிமடம்லயும் கொட்டித் தீத்துருச்சு, தெருவெல்லாம் முட்டியளவு தண்ணி. 2020 டிசம்பர்ல புரெவி வந்தப்ப வேற மாதிரி, இலங்கையக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து பலம் குறைஞ்சு ராமநாதபுரம் கிட்டயே நகராம நின்னுருச்சு. எங்க கரையக் கடக்கும்னு நாலஞ்சு நாள் முன்னாடி சொல்றத வச்சு முடிவு எடுக்காதீங்க, கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வர்ற அறிக்கைய பாத்து முடிவு பண்ணுங்க.

அப்புறம் பாம்பன் துறைமுகத்துல ஏத்தற புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1, 2 நம்பர் தூரத்துல புயல் சின்னம் இருக்குன்னு கப்பலுக்குத் தகவல், அதுக்குப் பதற வேண்டாம். 3 ஏத்தினா அந்தப் பகுதில பலத்த காத்து வரும்னு அர்த்தம், 4னா புயலால துறைமுகத்துக்கு ஆபத்து வரலாம்னு. 5 தொடங்கி 10 வரைக்கும் நேரடி அபாயம். 11னா தகவல் தொடர்பே போயிருச்சுன்னு. 3க்கு மேல போனா நீங்க கிளம்பாதீங்க.

லென்ஸ்_ராஜா

எல்லாரும் பயமுறுத்தறீங்க. நான் போட்டோகிராஃபர், கூண்டு ஏத்தின நாள்ல தனுஷ்கோடி போயிருக்கேன், சும்மா சொல்லக் கூடாது, அரிச்சல்முனைல ரெண்டு கடலும் ஒண்ணோட ஒண்ணு மோதறத பாக்கணும், ஒரு பக்கம் கருப்பா வானம் இன்னொரு பக்கம் பச்சையா தண்ணி, மணல் காத்துல பறந்து கால்ல ஊசி மாதிரி குத்தும். வெயில் நாள்ல போனா அது வெறும் பீச். இடிஞ்ச சர்ச், ஸ்டேஷன் சுவர் எல்லாம் அந்த வானத்துக்குக் கீழ பாத்தாதான் அங்க என்ன நடந்துச்சுன்னு உள்ள இறங்கும். நண்பரே, போனா ஒரு நாளாவது காலைல கிளம்பிப் போயிட்டு வாங்க.

கம்பிப்பாட்டுப்_பேத்தி

லென்ஸ் ராஜா, கோவப்படாம எழுதணும்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எழுதறேன்.

எங்க அம்மாச்சி தனுஷ்கோடில பொறந்து வளந்தவங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்தப் புயல் அடிச்சப்ப அவங்களுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க. அந்த ஊர்ல போஸ்ட் ஆபீஸ் இருந்துச்சு, கஸ்டம்ஸ் இருந்துச்சு, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்துச்சு, மெட்ராஸ்ல போட் மெயில் ஏறினா தனுஷ்கோடில இறங்கி கப்பல் புடிச்சு தலைமன்னார் போயி கொழும்புக்கு ரயில் ஏறலாம். பாம்பன்ல இருந்து கிளம்பின பாசஞ்சர் ரயில் ஊருக்குள்ள வர்றதுக்குள்ள அலைல போயிருச்சு, நூறு பேருக்கு மேல அதுல இருந்தாங்க. பாம்பன் பாலத்தோட கர்டர் பெரும்பாலும் அடிச்சுட்டுப் போச்சு, நடுவுல தூக்குற பகுதி மட்டும் நின்னுச்சு. அப்புறம் அரசாங்கமே அந்த இடம் மனுசன் வாழறதுக்கு லாயக்கில்லன்னு அறிவிச்சது. அம்மாச்சி கடைசி வரைக்கும் வாடை பலமா அடிச்சா படுக்க மாட்டாங்க, விளக்க ஏத்தி வச்சுட்டு வாசல்ல உக்காந்துருப்பாங்க.

அதனால நான் கேக்கறது, அந்த இடத்த வந்து பாருங்க, நல்லா பாருங்க, புள்ளைங்களுக்குக் காட்டுங்க. ஆனா புயல் வானம் பின்னாடி இருக்கணும்னு தேடி வராதீங்க. அங்க இன்னைக்கும் குடிசை போட்டு மீன்புடிச்சுப் பொழைக்கிற குடும்பங்க இருக்கு. கூண்டு ஏத்தினா அவங்க புள்ளைங்கள தூக்கிட்டு ராமேஸ்வரம் பக்கம் வந்துருவாங்க. அவங்க வெளிய வர்ற ரோட்ல நீங்க கேமராவோட உள்ள போறீங்க. வண்டி மணல்ல மாட்டினா உங்கள தூக்க வர்றதும் அவங்கதான்.

லென்ஸ்_ராஜா

அக்கா, உங்க அம்மாச்சி பத்தி படிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் தோணல. ரோட்ல அவங்க வெளிய வர்ற நேரத்துல உள்ள போகக் கூடாதுங்கறத முழுசா ஏத்துக்கறேன். செக்போஸ்ட்ல போலீஸ் நிறுத்தினா நான் ஒரு நாளும் வாக்குவாதம் பண்ணினதில்ல. ஆனா சாதாரண வாடைக்காத்து நாள்ல, கூண்டு எதுவும் இல்லாதப்ப, மேகமூட்டத்துல போறது தப்பில்லைன்னுதான் இன்னும் நினைக்கிறேன். அந்த இடத்தோட உண்மையான முகம் அதுதானே.

கம்பிப்பாட்டுப்_பேத்தி

மேகமூட்டத்துல வாங்க தம்பி, அதுக்கு யார் வேண்டாம்னா. கூண்டு இல்லாத நாள், சாயங்காலம் ரோட்ட மூடறதுக்கு முன்னாடி திரும்பிருங்க. அரிச்சல்முனைல தண்ணில மட்டும் இறங்காதீங்க, நல்ல நாள்லயே அங்க நீரோட்டம் இழுக்கும், மணல் அடில நகந்துட்டே இருக்கும்.

தண்டவாளம்

ரயில்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். பாலம் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். பழைய பாம்பன் பாலம் 1914ல திறந்தது, அதுல காத்து அளக்குற கருவி வச்சு மணிக்கு 58 கிமீ தாண்டினா சிக்னல் விழாது, ரயில் இந்தப் பக்கமே நிக்கும். 64 புயலுக்கு அப்புறம் அத சரி பண்ண ஆறு மாசம் கெடு குடுத்தாங்க, என்ஜினியர் ஸ்ரீதரன் தலைமைல 46 நாள்ல முடிச்சாங்க, கடலுக்குள்ள போன கர்டர்களையே தேடி எடுத்து திரும்ப மாட்டினாங்க, அந்த வேலைய நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பெருமையா இருக்கும். 2022 டிசம்பரோட பழைய பாலத்துல ரயில் நின்னுச்சு. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ல திறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேரா 17 மீட்டர் மேல போகும். இதுலயும் காத்துக்கு ஏத்த கட்டுப்பாடு உண்டு, பாலம் புதுசுங்கறதால எந்தக் காத்துலயும் ரயில் போகும்னு நினைக்காதீங்க.

உங்க ரயில முழுசா கேன்சல் பண்ணினா இ-டிக்கெட் பணம் தானா வந்துரும். மண்டபத்துலயோ ராமநாதபுரத்துலயோ நிறுத்திட்டாங்கன்னா டிடிஆர், அதாவது பணம் திரும்பக் கேக்குற விண்ணப்பம், போடணும், அத அன்னைக்கே போன்ல போட்ருங்க, தள்ளிப் போடாதீங்க. ராமநாதபுரத்துல இருந்து சுமாரா 55 கிமீ, ரோட்டுப் பாலம் திறந்திருந்தா பஸ் கிடைக்கும். பஸ்ல வர்றப்ப பாலத்து நடுவுல இறங்கி போட்டோ எடுக்கறவங்கள பாப்பீங்க, காத்து நாள்ல நீங்க இறங்காதீங்க, பக்கவாட்டுல அடிச்சா பைக்கே சாயும்.

நொய்யல்_கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆபீஸ்ல லீவ கூட ரெண்டு நாள் நீட்டிட்டேன், திரும்பற டிக்கெட்டயும் தள்ளிப் போட்டாச்சு. சனிக்கிழமை அறிக்கை பாத்துட்டு முடிவு பண்றோம். இன்னொரு சந்தேகம். அம்மா ஒரு வீடியோ பாத்துட்டு பயந்துட்டாங்க, அக்னி தீர்த்தத்துல கடல் ரொம்ப தூரம் உள்வாங்கி பாறையெல்லாம் தெரியுது, சுனாமி வரப் போகுதுன்னு அதுல சொல்றாங்க. உண்மையா?

மேகம்_பாப்பவன்

இல்லைங்க, அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க. ராமேஸ்வரத்துல கடல் உள்வாங்கறது அடிக்கடி நடக்கறது, அமாவாசை பௌர்ணமி ஒட்டி நிறைய. அங்க கடலோரம் ஆழமே கிடையாது, பாக் ஜலசந்தி பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு மீட்டருக்குள்ளதான், கரை ரொம்ப மெதுவா சரியும், அதனால தண்ணி மட்டம் ஒரு அடி ரெண்டு அடி இறங்கினாலே ரொம்ப தூரத்துக்குத் தரை தெரியும். வத்தம், அதாவது கடல் மட்டம் இறங்குற நேரத்துல காத்தும் கரையில இருந்து கடலுக்கு அடிச்சா இன்னும் போகும். பெரிய தாம்பாளத்துல கொஞ்சமா தண்ணி ஊத்தி ஒரு பக்கமா ஊதிப் பாருங்க, இந்தப் பக்கம் காலியாகி அந்தப் பக்கம் ஏறும். சுனாமிக்குப் பெரும்பாலும் காரணம் கடலடி நிலநடுக்கம், அதுக்கு ஐதராபாத்ல இன்காய்ஸ் மையம் இருக்கு, எச்சரிக்கை அவங்க குடுப்பாங்க, வாட்ஸ்அப் வீடியோ குடுக்காது.

ஆனா அதே ஆழமில்லாத கடல்தான் புயல் நேரத்துல எதிரி. ஆழம் இருந்தா காத்து தள்ளுற தண்ணி அடில திரும்பிப் போக இடம் இருக்கும், இங்க இடம் கிடையாது, கரைமேலதான் ஏறணும். அதோட காத்தழுத்தம் ஒரு மில்லிபார் குறைஞ்சா கடல் மட்டம் சுமாரா ஒரு செமீ ஏறும். 64ல ஊருக்குள்ள வந்தது அந்த மாதிரி ஏறின தண்ணி, ஏழு மீட்டர் வரைக்கும் வந்ததா சொல்றாங்க. சாதாரண அலைய பாத்து பழகின கண்ணுக்கு அது புரியாது. அதனால உள்வாங்கின கடலுக்குள்ள நடந்து போயி சங்கு பொறுக்கறதும் வேண்டாம், காத்து திரும்பினா தண்ணியும் திரும்பும்.

மல்லிகா_மதுரை

நான் போன வருசம் கார்த்திகைல மாமனார் மாமியாரோட போனேன், பொம்பளைங்க கவனிக்க வேண்டியத நான் சொல்றேன். தீர்த்தம் ஆடறது 22 கிணறுக்கும் ஈரத்துணியோட பிரகாரம் பூரா நடக்கறது, தரை முழுக்க வழுக்கும், மழை நாள்ல கேக்கவே வேண்டாம். முட்டி வலின்னு சொன்னீங்க, அம்மாவ ரெண்டு பேர் புடிச்சுக்கங்க, அவசரப்படுத்துற கூட்டத்த முன்னாடி விட்ருங்க. வாடைக்காத்துல ஈரத்தோட நின்னா பெரியவங்களுக்கு உடனே குளிர் ஏறும், மாத்துத்துணி, துண்டு, ஒரு ஃபிளாஸ்க் வெந்நி கையோட இருக்கணும். எல்லா தீர்த்தமும் அவங்களால முடியலைன்னா கோடி தீர்த்தத்த மட்டும் தலைல தெளிச்சுக்கிட்டாலும் போதும்னு எங்க மாமியாருக்கு அங்க ஒரு பெரியவர் சொன்னாரு, அதுக்கப்புறந்தான் அவங்க மனசு ஆறுச்சு.

அக்னி தீர்த்தத்துல கடல் கலங்கி இருந்தா இறங்க வேண்டாம், ஓரத்துல நின்னு சொம்புல மொண்டு ஊத்திக்கலாம். ரூம் கோயில் பக்கத்துல எடுங்க, ஆனா தரைத்தளம் வேண்டாம். நாங்க தங்கின இடத்துல தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துச்சு, ஜெனரேட்டர் இருக்குன்னு சொன்னவங்க ராத்திரி பூரா இருட்டுல விட்டாங்க, இத முன்கூட்டியே நல்லா கேட்டுக்கங்க. கரண்ட் போனா டவர் போகும், டவர் போனா யூபிஐ போகும், ஏடிஎம்மும் ஓடாது, நாலு நாளைக்குத் தேவையான ரொக்கம் எடுத்துட்டுப் போங்க. பிரஷர் சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடவே வைங்க. டார்ச், பவர்பேங்க். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, பேப்பர்ல எழுதி அப்பா பாக்கெட்ல போடுங்க, போன் சார்ஜ் இல்லாதப்ப யார் நம்பரும் ஞாபகம் வராது.

மழைன்னு ரூம்லயே அடைஞ்சு கிடக்கவும் வேண்டாம். மூணாம் பிரகாரத்துல மழைச் சத்தத்தோட நடக்கறது தனி சுகம், அந்தத் தூண் வரிசைய கூட்டமில்லாம பாக்கறதுக்கே மறுபடி மழைல போகணும்னு எனக்கு ஆசை. பேக்கரும்புல கலாம் நினைவிடம் இருக்கு, உள்ளயே நேரம் போகும். பாலம் மூடி ராமநாதபுரத்துலயே நிக்க வேண்டி வந்தா ராமலிங்க விலாசம் ஓவியங்கள பாருங்க, உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி பக்கந்தான்.

நொய்யல்_கரை

ராமேஸ்வரத்துல இருந்து எழுதறேன். தாழ்வு மண்டலம் வடக்க சென்னைப் பக்கம் போற மாதிரி அறிக்கை வந்ததால கிளம்பி வந்துட்டோம். பாலத்துல டிரெயின் ரொம்ப மெதுவா வந்துச்சு, அப்பா ஜன்னல விட்டு நகரவே இல்ல. மொத நாளே வெறிச்சு இருந்ததால திதியும் தீர்த்தமும் முடிச்சுட்டோம், அம்மா 22ம் ஆடிட்டாங்க, மல்லிகா அக்கா சொன்ன வெந்நி ஃபிளாஸ்க் ரொம்ப உதவுச்சுங்க. அன்னைக்கு ராத்திரில இருந்து நேத்து பூரா விடாம மழை, காத்து ஊளையிடற சத்தம், கரண்ட் பாதி நாள் இல்ல. கூண்டு 3 ஏத்தினதா லாட்ஜ் பையன் சொன்னான். தனுஷ்கோடிப் பக்கம் யாரையும் விடல, நாங்களும் கேக்கல. அப்பா கோயில் பிரகாரத்துல உக்காந்து 64 புயல் நேரத்துல ரேடியோ கேட்ட கதையெல்லாம் சொன்னாரு, இத்தன வருசத்துல எங்களுக்கு அவர் சொன்னதே இல்ல.

இன்னைக்கு மதியத்துல இருந்து மழை விட்ருச்சு. நாளைக்கு காலைல தனுஷ்கோடி போலாமா? சாயங்காலம் டிரெயின்.

தங்கச்சிமடத்தான்

கூண்ட இறக்கிட்டாங்க அண்ணே, டோக்கனும் குடுக்கறாங்க, நாளைக்கு வெள்ளன நம்ம படகெல்லாம் போகுது. எட்டு மணிக்கு மேல கிளம்புங்க, புதுரோடு செக்போஸ்ட்ல கேட்டுட்டு போங்க, முகுந்தராயர் சத்திரம் தாண்டி ரோட்ல அங்கங்க மணல் ஏறிக் கிடக்கும், டிரைவர மெதுவா ஓட்டச் சொல்லுங்க. போற வழில கோதண்டராமர் கோயில்ல இறங்கிக்கங்க, 64 புயல்ல நின்ன கோயில், அப்பாவுக்குப் புடிக்கும். மதியம் ரெண்டு மணிக்குள்ள ரூமுக்கு வந்துருங்க, சாயங்காலம் திரும்ப மேகம் ஏறலாம்.

கம்பிப்பாட்டுப்_பேத்தி

சர்ச்சுக்கு எதிர்ல சங்கு பாசி விக்கிற பொம்பளைங்க இருப்பாங்க. இந்த வாரம் பூரா அவங்களுக்கு யாவாரம் இருந்திருக்காது. அம்மாவுக்கு ஒரு மாலை வாங்கிக் குடுங்க.